எதிர்பாராமல் வீட்டில் நின்ற நாள்: ஓய்வும் நன்றியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி மழை, ஹர்த்தால், மின்தடை, வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல், கடைசி நேரத்தில் தள்ளிப்போன பயணம். யாழ்ப்பாணத்தில் ஒரு நாள் திடீரென்று கைக்கு வந்து சேர்வதற்குப் பல வழிகள் உண்டு. உடுத்தி வெளிக்கிட்டவர் படலையடியில் வைத்தே திரும்பி வருவார். இன்று பள்ளிக்கூடம் இல்லை என்று விடிந்த பிறகுதான் தெரியவரும். அந்த நாளில் ஓய்வு எப்படி வரும், நன்றி எப்படி வரும் என்று உறவினரும் அயலவரும் நண்பர்களும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டில் ஒருவர் குசினிக்குள் நின்றபடி இருக்க மற்றவர்கள் படுத்திருந்தால், அந்த வீடு ஓய்வெடுக்கவில்லை. நன்றியும் அது சேர வேண்டிய ஆளிடம் போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே வரும்.

இப்படி ஒரு நாள் கிடைத்தால் முதலில் என்ன செய்வது?

நித்திரை கொள்ளுங்கள். வளர்ந்தவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணித்தியால நித்திரை வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். காலை ரியூசனுக்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஓடுகிற வீடுகளில் அது கிழமைக் கணக்கில் கிடைப்பதில்லை. அலுமாரி அடுக்குவது, பழைய பில்லுகளைப் பார்ப்பது, தென்னைக்குப் பாத்தி கட்டுவது என்று பட்டியல் போடத் தொடங்கினால் நாள் போய்விடும். மத்தியானம் கண் அயர்ந்தால் 20, 30 நிமிடத்தோடு எழும்பிவிடுவது நல்லது. நாலு மணி தாண்டியும் படுத்தால் இரவு நித்திரை கெடும்.

சும்மா இருக்க ஏலாமல் இருக்கிறது. கதிரையில் இருந்தவுடனே கை போனைத் தேடுகிறது. எனக்கு மட்டுந்தானா இப்படி?

இல்லை. 2014 இல் அமெரிக்க உளவியலாளர் திமத்தி வில்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்களை ஒரு வெறும் அறையில் 15 நிமிடம் தனியே இருக்கவிட்டார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. விரும்பினால் தனக்குத் தானே சிறு மின்னதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. 18 ஆண்களில் 12 பேரும், 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அமத்தினார்கள். அந்த அதிர்ச்சி வேண்டாம், அதைத் தவிர்க்கக் காசு கொடுக்கவும் தயார் என்று முன்னதாகச் சொன்னவர்கள்தான் அவர்கள். மனதோடு தனியே இருப்பது அவ்வளவு கடினமான காரியம்.

அதனால் மனதை வெறுமையாக்க முயல வேண்டாம். கைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு பிடி முருங்கையிலையை மடியில் வைத்து ஆயத் தொடங்குங்கள். ஈர்க்கு வராமல் இலையை மட்டும் உருவ விரல் பழக வேண்டும். மஞ்சள் இலையை ஒதுக்க வேண்டும், பூச்சி இருந்த கொத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மூச்சு ஆறுதலாகிவிடும், கதையும் வரும். சின்ன வெங்காயம் உரிப்பது, சுளகில் பயறு புடைப்பது, காய்ந்த உடுப்பு மடிப்பது எல்லாம் இதே பலனைத் தரும். போனை அடுத்த அறையில் வையுங்கள். புயல் எச்சரிக்கை உள்ள நாள் என்றால் காலையிலும் மாலையிலும் வானிலைச் செய்தியைப் பார்த்தால் போதும். அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆம் இலக்கம் இருக்கிறது.

எல்லாரும் வீட்டில் நிற்கிற நாளில்தான் எனக்கு வேலை கூட. எனக்கு எங்கே ஓய்வு?

இந்தக் கேள்வியை அம்மாமார் கேட்கிறார்கள். அதையும் மெதுவாக, மற்றவர் காதில் விழாதபடி கேட்கிறார்கள்.

ஒரு மழை நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் புட்டு. பள்ளிக்கூடம் இல்லை என்பதால் ஆளுக்கொரு நேரம் எழும்புகிறார்கள், ஆளுக்கொரு தடவை தேத்தண்ணி. பத்து மணிக்கு விறாந்தையிலிருந்து ஒரு குரல்: “மழைக்கு ஏதாவது சூடாய் இல்லையோ?” உழுந்து ஏற்கெனவே ஊறியிருந்தால் வடை, இல்லாவிட்டால் கடலை அவிக்க வேண்டும். பிறகு மத்தியானச் சோறு, நாலு மணித் தேத்தண்ணி, இரவுக்கு இடியப்பமும் சொதியும். கரண்ட் இல்லையென்றால் மோட்டர் ஓடாது, கிணற்றில் அள்ள வேண்டும். மிக்சி வேலை செய்யாது, சம்பல் அம்மியில் அரைபட வேண்டும். முதல்நாள் தோய்த்த உடுப்பு காயாமல் அறைக்குள் கொடி கட்டித் தொங்குகிறது. முற்றத்துச் சேற்றோடு உள்ளே வந்து போகிறவர்களின் கால்தடத்தைத் திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். இரவு எல்லாரும் “இண்டைக்கு நல்ல ஆறுதலாய் இருந்தது” என்று சொல்கிற நேரம், அவவின் கால் வீங்கியிருக்கும்.

“உதவி செய்யட்டோ?” என்று குசினி வாசலில் நின்று கேட்பதால் பெரிய பயன் இல்லை. “வேண்டாம், நான் பாக்கிறன்” என்றுதான் பதில் வரும். ஒரு நேரச் சாப்பாட்டை முழுதாகப் பொறுப்பெடுங்கள். என்ன சமைப்பது என்ற யோசனை, தேங்காய் இருக்கிறதா என்று பார்ப்பது, சமைப்பது, பரிமாறுவது, சட்டி கழுவிக் கவிழ்ப்பது, அடுப்படியைத் துடைப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். உப்பு எங்கே, மிளகாய்த்தூள் எங்கே என்று அவவைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். ஒவ்வொரு போத்தலாகத் திறந்து பாருங்கள். தன் வீட்டில் தனக்கு ஒருவர் தட்டில் போட்டுக் கொண்டுவந்து தருவதை வருடக் கணக்கில் காணாத பெண்கள் எங்கள் ஊரில் ஏராளம். அது எனக்கு உண்மையில் மனவருத்தமான விடயம்.

எங்களுக்கு ஒன்றும் சமைக்கத் தெரியாது. எதிலிருந்து தொடங்கலாம்?

கூழிலிருந்து. ஒருவர் தனிய நின்று காய்ச்சுகிற சாப்பாடாக அதை யாரும் நினைப்பதில்லை, அதனால் புதியவருக்கும் அதில் இடம் உண்டு.

காலையிலேயே ஒடியல் மாவை (காய்ந்த பனங்கிழங்கின் மா) தண்ணீரில் கரைத்து வையுங்கள். மா அடியில் மண்டியதும் மேல்தண்ணீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் விட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால்தான் கசப்புப் போகும். இதைப் பிள்ளைகளிடம் விடலாம். மா கலங்காமல் தண்ணீரை மட்டும் சரிக்கிற பொறுமை அவர்களுக்குப் பிடிக்கும். கடல் கொந்தளிக்கிற நாளில் நண்டும் இறாலும் வராது. மரக்கறிக் கூழே போதும். பெரிய பானையில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் போட்டு அவியவிட்டு, ஆய்ந்து வைத்த முருங்கையிலையைச் சேருங்கள். செத்தல் மிளகாயை அரைத்துப் போட்டு, உப்பு இட்டு, பழப்புளியைக் கரைத்து விடுங்கள். கடைசியில் மாக்கரைசலை ஊற்றியதும் ஒருவர் கை எடுக்காமல் துழாவ வேண்டும், இல்லாவிட்டால் கட்டி விழும், அடிப்பிடிக்கும்.

வளவில் பனை இருந்தால் ஓலையில் பிளா, அதாவது கூழ் குடிக்கிற ஓலைக் கிண்ணம், கோலுங்கள். தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் சிரட்டை போதும். எல்லாரும் ஒரே நேரத்தில் சுற்றி இருந்து குடிக்க வேண்டும். ஆறிய கூழ் தடித்துப்போகும் என்பதால் யாரும் “பேந்து குடிக்கிறன்” என்று சொல்ல மாட்டார்கள்.

மழைக்குள் அடைபட்டுக் கிடக்கிறதில் நன்றி சொல்ல என்ன இருக்கிறது?

உங்கள் கிணறு இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. நாங்கள் குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பது எல்லாமே மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிச் சேர்ந்தது. அதன் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழையில்தான் கிடைக்கிறது. நிலத்துக்குள் அந்த நன்னீர் கீழே கிடக்கும் உவர்நீருக்கு மேலாக நிற்கிறது. மேலிருந்து சேர்வது குறைந்து நாங்கள் இறைப்பது கூடினால் உவர் ஏறிவிடும். கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே வேலைக்குப் போக முடியாமல் நீங்கள் யன்னலடியில் நிற்கிற அந்த நாளில் அடுத்த சித்திரை, வைகாசிக்கான தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. மழை விட்டதும் கிணற்றை எட்டிப் பாருங்கள். படிக்கட்டு வைத்துக் கட்டிய பழைய கிணறு என்றால் எத்தனை படி மூடியிருக்கிறது என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டவர்கள் ஒரு பக்கத்தையாவது உடைத்து மண்ணாக விட்டால் நல்லது. மழைக்கு அதைவிடப் பொருத்தமான நன்றி எனக்குத் தெரியவில்லை.

நாட்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் வீட்டில் நிற்பது பட்டினி. அவரிடம் போய் ஓய்வு, நன்றி என்று சொல்லலாமா?

சொல்லக் கூடாது. 2020 மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோதும், 2022 இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றபோதும் ஒரே தெருவில் இரண்டு விதமான வீடுகள் இருந்தன. மாதச் சம்பளம் வந்த வீட்டில் பிள்ளைகள் முற்றத்தில் கரம் அடித்தார்கள். மேசன் வேலைக்குப் போகிறவரின் வீட்டில் அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குப் போக முடியாத நாளில் மீனவர் வீட்டுக்கும் அதே கதை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் இந்த நாட்டில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். பாதுகாப்பான கூரைக்குக் கீழே மழைச்சத்தம் கேட்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உங்களுக்கு அந்த நாள் ஓய்வாக வாய்த்ததென்றால், அதன் கூலியை யார் இழந்தார் என்று பாருங்கள். வீட்டுவேலைக்கு வருகிற அக்காவுக்கு மழையால் வராத நாளுக்கும் சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள். வேலி அடைக்க ஒப்புக்கொண்டவருக்கு முற்பணமாகக் கொஞ்சம் அனுப்புங்கள். பிள்ளைகளை வழமையாக ஏற்றிப்போகிற ஆட்டோத் தம்பிக்கு மாதக் காசில் அந்த நாட்களைக் கழிக்காதீர்கள்.

வீடு அமைதியானால் எனக்குப் பயம் வருகிறது. வயது ஐம்பதைத் தாண்டியும் இது போகவில்லை.

யாழ்ப்பாணத்தில் இது மிகச் சாதாரணம். போர்க்காலத்தில் இங்கே ஊர் திடீரென்று அடங்கினால் அது நல்லதுக்கு இல்லை என்று ஒரு தலைமுறை காதாலேயே படித்தது. அடுத்து செல் விழும், அல்லது சனம் வெளிக்கிடத் தொடங்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து மழைக்குள் நடந்தவர்களுக்கு மழைநாள் என்றாலே வேறு ஒன்று நினைவுக்கு வரும். அப்படி இருந்த உடம்பிடம் “அமைதியை ரசி” என்று சொல்வது அநியாயம்.

அமைதியை வற்புறுத்த வேண்டாம். வானொலியை மெல்லிய சத்தத்தில் போட்டுவிடுங்கள். 1990களில் மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்டோம், கை அலுத்தால் ஆள் மாறினோம். அந்தப் பயத்துக்குள்ளும் மனிதக் குரல் ஒன்று தேவைப்பட்டது. இப்போதும் தேவைப்பட்டால் அதில் குறை ஒன்றும் இல்லை. பகலில் வீட்டாரோடு இருக்கும் நேரத்திலேயே அமைதியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம். நித்திரையே வராமல், சின்னச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டால் யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். எத்தனை வருடம் கழிந்த பிறகும் இதற்கு உதவி செய்ய முடியும்.

பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். எனக்கு ஒவ்வொரு நாளும் அமைதிதான். இதில் எதற்கு நன்றி சொல்வது?

அம்மா, ஐயா, உங்களுக்கு வேண்டியது ஓய்வு அல்ல, ஆட்கள். அதை நன்றி என்ற பேரில் மூடக் கூடாது.

எதிர்பாராத விடுமுறை நாள் ஒன்று உங்களுக்கும் உதவும், ஏனெனில் அன்று அயலில் எல்லாரும் வீட்டில் நிற்பார்கள். வேலிப்பொட்டால் கூப்பிட்டு, பின்வளவு முருங்கையில் காய் பறிக்க ஒரு பொடியனை வரச்சொல்லுங்கள். பாதியை அவனிடமே கொடுத்துவிடுங்கள். அடுத்தநாள் அவன் தாய் ஒரு கோப்பை கறியோடு வருவா. கனடாவில் இருக்கிற பிள்ளைக்கு நேரம் பார்த்து எடுங்கள்: இங்கே இரவு 8 மணி என்றால் குளிர்காலத்தில் ரொறொன்ரோவில் காலை 9.30. அவர்களுக்குச் சனி, ஞாயிறு என்றால் ஆறுதலாகக் கதைக்க ஏற்ற நேரம். “சாப்பிட்டியோ, குளிரோ” என்பதோடு நிற்காமல் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லுங்கள். எந்த மாமரம் யார் வைத்தது, பழைய நாற்சார் வீட்டின் எந்த அறையில் யார் பிறந்தது என்பதெல்லாம் உங்களுக்குப் பிறகு யாருக்கும் தெரியாது.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு: யாழ்ப்பாணத்தில் புயல் என்று செய்தி பார்த்தால் வட்ஸ்அப்பில் கும்பிடுகிற கை அனுப்பாமல் எடுத்துக் கதையுங்கள்.

பரீட்சை நெருங்குகிறது. ரியூசன் நின்ற நாளில் பிள்ளை படிக்க வேண்டாமா?

காலையில் கொஞ்சம் படிக்கட்டும், மிச்ச நாளை விடுங்கள். 2024 நவம்பர் கடைசியில் மழை வெள்ளத்தால் உயர்தரப் பரீட்சையே நாடு முழுக்கச் சில நாட்கள் நிறுத்தப்பட்டது. தாங்கள் பிழை செய்யாமலே திட்டம் மாறலாம் என்பதைப் பிள்ளைகள் அன்று கண்டார்கள். அந்த இடைவெளியில் வீடு பதறாமல் இருந்தால் பிள்ளையும் பதறாது.

கரண்ட் இல்லாத பின்னேரத்துக்கு 304 விளையாட்டைச் சொல்லிக்கொடுங்கள். சீட்டு என்றதும் சூது என்று முகம் சுளிக்க வேண்டாம். காசு வைக்காமல் விளையாடுகிற நல்ல குடும்ப விளையாட்டு அது. 32 சீட்டு, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நாலு வகைக்கும் சேர்த்து 304. எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது கையில் நிற்கிறது என்று மனதில் கணக்கு வைக்க வேண்டும். அப்பப்பா பேத்தியோடு ஒரே பக்கம் சேர்ந்து விளையாடினால் இரண்டு பேருக்கும் கதைக்க விடயம் கிடைக்கும்.

நன்றிக் கொப்பி எழுதினால் நல்லது என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கல் மக்கலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு கிழமைக்கு ஒருதரம் தாங்கள் நன்றியோடு நினைக்கிற ஐந்து விடயங்கள் வரை எழுதியது. இன்னொன்று எரிச்சலூட்டியவற்றை எழுதியது. மூன்றாவது, நடந்தவற்றைச் சும்மா குறித்தது. முதற்குழுவினர் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக உணர்ந்ததாகச் சொன்னார்கள். நாள்தோறும் எழுத வேண்டியதில்லை, கிழமைக்கு ஒருதரம் போதும். கடமையாகிவிட்டால் கை தானாக எழுதும், மனம் அங்கே இருக்காது.

கொப்பியில் எழுதியதை அந்த ஆளிடம் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் நான் சேர்ப்பது.

வீட்டுக்குள் நன்றி சொல்வது எங்களுக்குப் பழக்கமில்லையே. கூச்சமாக இருக்கிறது.

வீட்டாருக்குச் சொன்னால் அந்நியமாகிவிடும் என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அப்படியானால் நன்றி என்ற சொல்லையே விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். “ராத்திரி மழைக்குள்ளை நீங்கள் எழும்பி யன்னல் சாத்தினபடியால் என்ரை புத்தகமெல்லாம் நனையேல்லை, அப்பா.” “அண்ணா, நீ அண்டைக்குப் பெற்றோல் வரிசையிலை விடிய விடிய நிண்டதை நான் மறக்கேல்லை.” இப்படிச் சொன்னால் கேட்கிறவர் முதலில் பேச்சை மாற்றுவார். ஆனால் தான் செய்ததை ஒருவர் கண்டிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

கோயிலுக்குப் போக முடியாத நாளில்?

வீட்டில் விளக்கு ஏற்றுங்கள். தேவாரமோ செபமோ வீட்டில் யாருக்குப் பாடம் இருக்கிறதோ அவர் சொல்லட்டும். நல்லூர்த் தேரடியில் தன் குரு செல்லப்பா சுவாமியிடமிருந்து யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமிகள் வாங்கி எங்களுக்குத் தந்த “ஒரு பொல்லாப்பும் இல்லை” என்ற வாக்கியத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மழைக்கும் இடிக்கும் நடுவில் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

காய்ச்சலால் படுத்தவருக்கும் இது ஓய்வுதானே?

முதலில் மருந்து. மாரியிலும் அதற்குப் பின்னாலும் யாழ்ப்பாணத்தில் டெங்கு கூடும். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுரூபன் போன்றவற்றைக் கொடுக்காதீர்கள். இளநீர், கஞ்சி, ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்) நன்றாகக் குடிக்கட்டும். மழை விட்ட நேரம் வளவைச் சுற்றி வந்து சிரட்டை, தயிர்ச்சட்டி, பழைய டயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றிலும் நிற்கிற தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள்.

ஓய்வெடுத்தும் அலுப்பு போகவில்லை. எழும்பவே மனமில்லை.

இரண்டு கிழமைக்கு மேலாக, நாளின் பெரும்பகுதியும் மனம் சோர்ந்து, முன்பு பிடித்த ஒன்றிலும் விருப்பமில்லாமல், சாப்பாடும் நித்திரையும் மாறியிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். நன்றி சொல்லிப் பழகினால் போய்விடும் என்று யாரும் உங்களுக்குப் புத்தி சொல்ல விடாதீர்கள். வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. எந்த நேரத்திலும் எடுக்கலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் இப்போதே எடுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடமும் சொல்லுங்கள்.

அடுத்தநாள் வெயில் எறித்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. அந்த நாளில் நீங்கள் கையில் எடுத்த வேலை ஒன்றை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருங்கள். இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவினீர்கள் என்றால் இனி அது உங்கள் வேலை. விடியத் தேத்தண்ணி போட்டீர்கள் என்றால் நாளைக்கும் நீங்களே எழும்புங்கள், அம்மா இன்னும் அரை மணித்தியாலம் படுக்கட்டும். அவ முதல் சில நாள் எழும்பி வந்து குசினி வாசலில் நிற்பா. போய்ப் படுங்கோ அம்மா என்று சொல்லுங்கள்.